தண்ணீர் வாங்கிய கை

சாவியை அந்த ஆளின் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்த ஒரே எண்ணத்தோடுதான் நெவேனா ஆஸ்பத்திரி வாசலில் பேருந்தைவிட்டு இறங்கினாள்.

பிற்பகல்தான். ஆனால் ரொடோப்பி மலையில் ஜனவரி மாதத்துப் பிற்பகலை வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மேகம் கூரைவரை இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு மாடிகளில் விளக்கு எரிந்தது. மூன்றாவது மாடி இருட்டாகக் கிடந்தது.

அந்த மூன்றாவது மாடிதான் பிரசவ வார்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நெவேனா அங்கே மருத்துவச்சி. ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் முக்கால்வாசி அவள் கையில் விழுந்ததுதான். வேலை என்றால் அவளுக்கு உயிர். தலை வெளியே வந்தபிறகு, அழுகை கேட்பதற்கு முன்னால், ஒரு கணம் அறையில் யாருமே மூச்சுவிட மாட்டார்கள். அந்தக் கணத்துக்காகவே அவள் காய்ச்சலோடும் வந்திருக்கிறாள், புருஷன் செத்த வாரத்திலும் வந்திருக்கிறாள்.

டிசம்பரில் அந்த வேலையைப் பிடுங்கினார்கள். ஆஸ்பத்திரி டைரக்டர், டாக்டர் பிளாமென், அவளைத் தன் அறைக்குக்கூடக் கூப்பிடவில்லை. காபி மெஷின் முன்னால் நின்று, காகிதக் குவளையைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"பிரசவமே கொறஞ்சுபோச்சு நெவேனா. வார்டை மூடுறோம். மேலிடத்து முடிவு, என் கையில எதுவும் இல்ல. ஆனா நீங்க நல்லா வேலை பாத்தீங்க, அதை ஒத்துக்கணும்."

கிழட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறவன் கடைசியாக முதுகில் தட்டிக்கொடுப்பானே, அந்தக் குரல். மேலிடமாம் மேலிடம். மூன்றாவது மாடியில் முகச்சுருக்கத்துக்கு ஊசி போடும் கிளினிக் வரப்போகிறது, நடத்தப்போகிறவன் பிளாமெனின் மச்சான் என்று அடுத்த வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப்பிறகு நெவேனாவுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிந்ததும் தன்னையறியாமல் சீருடையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை போய், ஞாபகம் வந்து திரும்பினாள். ரொட்டி மாவைப் பிசைந்தால் அது கிழிகிறவரை பிசைந்தாள். ஜெர்மனியிலிருந்து மகள் தெயா தினமும் போன் செய்தாள். "இங்க வந்துரும்மா. முதியோர் இல்லத்துல ஆள் கேக்கறாங்க." நெவேனா ஒவ்வொரு முறையும் வெடுக்கென்று போனை வைத்தாள். அழவில்லை. அழுகிற நிலையையெல்லாம் அவள் தாண்டியாயிற்று. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஸ்லாவ்கா செத்தாள்.

புது வருஷத்தின் முதல் பெரும்பனி விழுந்த அன்று அவளுக்கு வலி எடுத்தது. இருக்கிற ஒரே பிரசவ ஆஸ்பத்திரி இப்போது கழுகுக் கணவாய்க்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸ் கணவாயின் உச்சியில் பனியில் சிக்கிக்கொண்டது. பிள்ளை பிறக்கவே இல்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் புதைத்தார்கள். பிளாமென் டிவியில் வந்து "இயற்கையின் சீற்றம்" என்றான். நெவேனா டிவியின் மேல் செருப்பை எறிந்தாள். ஸ்லாவ்காவின் மூத்த பெண்ணை இதே மூன்றாவது மாடியில் பிறக்கவைத்தவள் அவள். நல்ல இடுப்பு, சுலபமான பிரசவம். இங்கே வந்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

பிரசவ அறையின் இரும்புக்கதவுச் சாவி மட்டும் இன்னும் நெவேனாவிடம் இருந்தது. தரமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தராவிட்டால் போலீஸ் வரும் என்று காலையில் பிளாமென் சொல்லிவிட்டான். நாளைக்கு அறையை இடிக்க ஆள் வருகிறதாம்.

அதுவும் இன்றைக்கு. மருத்துவச்சி நாளில்.

வருஷத்தில் இந்த ஒருநாள் தாய்மார்கள் மருத்துவச்சியைத் தேடி வருவார்கள். அவள் கையை நீட்டுவாள். அவர்கள் செம்பிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போடுவார்கள். அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டவள் அடுத்த மருத்துவச்சி நாள்வரை எந்தத் தாயையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. போன வருஷம் நெவேனாவின் தோளில் துண்டு போட இடமில்லை. இந்த வருஷம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள் பாவம் என்று ஒரு மனசு சொன்னது. நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று இன்னொரு மனசு சொன்னது.

வாசற்காவலர் டிராய்கோ கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியா நெவேனா. அவன் இன்னும் வரல. வழியில இருக்கானாம்."

"மேல போறேண்ணே. என் செருப்பும் கோட்டும் அங்கதான் கெடக்கு."

டிராய்கோ தொண்டையைக் கனைத்தார். "மேல மணி அடிக்குது."

"எந்த மணி?"

"உன் மணிதான். பிரசவ அறை மணி. தெனமும் இந்த நேரத்துக்கு. மெயினை அணைச்சுப் பாத்தேன், அடிக்குது. வயரையே வெட்டுனேன், அப்பவும் அடிக்குது."

"குடிச்சிருக்கியா?"

"குடிச்சாலும் நிக்கமாட்டேங்குதே. அதானே கொடுமை."

நெவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்ப இருந்து?"

"ஸ்லாவ்காவைப் பொதச்ச அன்னிக்கு இருந்து."

அவள் படியேறினாள். கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. இரண்டாவது மாடிவரை மருந்து நெடி, யாரோ பீன்ஸ் சூப் சூடாக்கும் வாசனை. அதற்குமேல் ஒரு வாசனையும் இருக்கக்கூடாது. மூன்று வாரமாக மூடிக்கிடக்கிற வார்டு.

திருநீற்றுப்பச்சை மணத்தது.

பிறந்த பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டும்போது அந்தப் பச்சிலையில் ஒரு கொத்தைச் சேர்த்துக் கட்டுவது இங்கே வழக்கம். கோடையில் தோட்டமெல்லாம் கிடைக்கும். ஜனவரியில் மலை முழுக்கத் தேடினாலும் ஒரு இலை கிடையாது.

நடைக்கூடத்தில் கட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரில் கிளினிக்காரர்கள் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தார்கள், இங்கே இடி, அங்கே இடி என்று. நெவேனா ஒரு கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். அடுத்ததையும் அழித்தாள்.

அப்போது மணி அடித்தது.

ஒரே ஒருமுறை, சின்னதாக. தொந்தரவு கொடுக்க வெட்கப்படுகிற பெண்கள் அப்படித்தான் அழுத்துவார்கள்.

பயப்பட வேண்டும் என்று மனசுக்குத் தோன்றுவதற்குள் கால் நடந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாரும் இல்லை.

ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பிரசவக் கட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியின்மேல் பேசின், செம்பு, ஒரு சோப்பு, மடித்த புதுத் துண்டு.

தாய்மார்கள்தான். வந்திருக்கிறார்கள். மறக்கவில்லை. டிராய்கோவும் சேர்ந்துகொண்டு மணி, கிணி என்று கதைகட்டி மேலே அனுப்பியிருக்கிறார். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பார்கள் கழுதைகள். பூட்டிய அறைக்குள் எப்படி வைத்தார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. அந்தச் செம்பையும் பேசினையும் கண்டால் இந்த ஊர் மருத்துவச்சி யாருமே யோசிக்க மாட்டாள். கோட்டைக் கழற்றினாள், சட்டைக்கையை முழங்கைக்குமேல் சுருட்டினாள், பேசினுக்குமேல் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"சரி, வாங்கடி," என்றாள்.

தண்ணீர் விழுந்தது.

வெந்நீர் இல்லை. எலும்பைப் பிடிக்கிற குளிர். அதில் கரையாத பனித்துகள் இருந்தது.

செம்பு காற்றில் சாய்ந்து நின்றது.

நெவேனா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கடைசிச் சொட்டு விழுகிறவரை கை நீட்டியபடியே நின்றது. பிறகு அவள் தோளில் அந்தத் துண்டு நனைந்து கனமாக வந்து விழுந்தது.

கட்டிலின் விரிப்பு மெல்ல அழுந்தியது. யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிப் படுப்பதுபோல.

"நெவேனாக்கா." மூச்சுதான், குரல் என்று சொல்லமுடியாது. "நான் லேட்டா வந்துட்டனா?"

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் தண்ணீர் வாங்கியாகிவிட்டது. அதுவுமில்லாமல், அந்தக் கேள்விக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவளா அவள்.

"இல்லம்மா ஸ்லாவ்கா," என்றாள். "அதான் வந்து சேந்துட்டியே."

"இன்னும் வரலக்கா. ரொம்ப நேரமா வலிக்குது."

"காலை மடக்கு. நான் சொல்றப்ப முக்கு. எனக்குத் தெரியாததா, போன தடவையும் நான்தானே."

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த முழங்கால். அடிவயிற்றின் இறுக்கம். பிறகு தலை. சின்னஞ்சிறு தலை, ஆற்றுக்கல் மாதிரி ஜில்லென்று. நெவேனா பேசிக்கொண்டே இருந்தாள். அவசரப்படாதே, மூச்சை விடு, நல்ல பெண்ணல்லவா. தோள் வந்தது. உடம்பு வழுக்கிக்கொண்டு அவள் இரண்டு கைகளிலும் விழுந்தது.

அந்தக் கணம் வந்தது. யாரும் மூச்சுவிடாத கணம்.

அது முடியவே இல்லை.

அழுகை இல்லை.

நெவேனா முதுகைத் தட்டவில்லை, வாயில் ஊதவில்லை. தெரிந்ததுதானே. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற சிவப்பு நூலைத் தடவி எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டதும் நூலும் மறைந்தது. பிள்ளையை ஸ்லாவ்காவின் மார்பில் வைத்தாள்.

பிறகு அந்த மூச்சு.

"எனக்குக் கை மரத்துப்போச்சுக்கா. இதை யாரு தூக்கிக்குவா?"

அத்தனை நாளாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் நெவேனாவின் வாய்வரைக்கும் வந்தது. கீழே கார்க்கதவு ஒன்று அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"தூக்க வேண்டியவன் வந்துட்டான்மா," என்றாள். "கொஞ்சம் பொறு."

பிளாமென் நடைக்கூடத்தில் செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு வந்தான். விலையுயர்ந்த கோட்டு, அதன்மேல் உருகாத பனி. நெவேனா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"நாடகம் போதும் நெவேனா. சாவி."

மூஞ்சியில் எறிய வேண்டும் என்றுதானே வந்தாள். எறியவில்லை. அவன் உள்ளங்கையில் மெதுவாக வைத்தாள்.

"அவ்வளவுதானே," என்றான். "இதுக்கா இத்தன நாள் அலைய விட்டீங்க? மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நானா முடிவெடுத்தேன்? மேலிடத்துல..."

மணி அடித்தது.

பிளாமென் கூரையைப் பார்த்தான். சுவரோரம் வெட்டுப்பட்டுத் தொங்கிய வயரைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான்.

"யாரை உள்ள வச்சிருக்கீங்க?"

"போய்ப் பாருங்க டாக்டர்."

"வெளயாடாதீங்க. டிவிக்காரனை எவனையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

"நோயாளி மணி அடிக்கிறா," என்றாள் நெவேனா. "நீ டாக்டர்தானே. போ."

அத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்றதே இல்லை. அவன் முகம் சிவந்தது. அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நெவேனா காத்திருந்தாள். உள்ளே செல்போன் கீழே விழுந்த சத்தம். பிறகு "இல்ல, இல்ல," என்று இரண்டு தடவை, ரொம்ப மரியாதையான குரலில். பிறகு திருநீற்றுப்பச்சை மணம் குப்பென்று வந்தது.

கதவு திறந்தது.

பிளாமென் வெளியே வந்தான். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து ஏந்தியிருந்தான். கைகளில் எதுவும் இல்லை. ஆனால் கோட்டின் கை கனத்தில் அழுந்தியிருந்தது, துணி நனைந்து சொட்டியது. கையை இறக்கப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இறங்கவில்லை.

"எடுங்க," என்றான் மெதுவாக. "நெவேனா, இதை எடுங்க. ரொம்பக் குளிருது."

"என் வேலை பிறக்க வைக்கிறது வரைக்கும்தான்," என்றாள் அவள். "அந்த வேலையும் இல்லேன்னு நீதானே சொன்ன."

அவன் படியிறங்கினான், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் மாதிரி ஒவ்வொரு படியாக. கார்க்கதவை அவனால் திறக்க முடியவில்லை. டிராய்கோ திறந்துவிட்டார். ஓட்டவும் முடியாது என்று தெரிந்து, டாக்சியும் அவர்தான் பிடித்துக்கொடுத்தார். சாவி பிரசவ அறைத் தரையில் கிடந்தது. நெவேனா குனிந்து எடுத்துக்கொண்டாள்.

இடிக்க ஆள் வரவில்லை. பிளாமென் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் வீட்டுக்குப் பால் போடுகிறவள், அவன் ஜன்னலோரம் நின்று கையை மடித்தபடி ஆட்டிக்கொண்டே இருக்கிறான் என்றாள். சோறுகூட மனைவிதான் ஊட்டுகிறாளாம். ஊர் ஆளுக்கொன்று பேசியது.

தெயா போன் செய்தபோது, "நான் வரலடி. எனக்கு இங்க வேலை இருக்கு," என்றாள்.

"வேலை கெடச்சிருச்சா? எங்கம்மா?"

"பழைய எடத்துலதான்."

மறுநாளிலிருந்து அவள் ஊருக்குள் கர்ப்பிணிகள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினாள். வலி எடுத்தால் கணவாய்ப் பக்கம் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள், சாவி என்னிடம் இருக்கிறது, அறை சுத்தமாக இருக்கிறது. மாதம் முடிவதற்குள் பிரசவம் என்றிருந்த ராலிட்சாவின் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். ராலிட்சாவுக்குச் சம்மதம்தான். புருஷன் மித்கோதான் தலையைச் சொறிந்தான். "மூடுன வார்டுக்கு எப்படிக்கா கூட்டிட்டு வர்றது? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"சட்டமா பிரசவம் பாக்கும்?" என்று கத்திவிட்டு வந்தாள் நெவேனா.

மாதக் கடைசியில் மறுபடி பனி பெய்தது. மதியத்திலிருந்தே கொட்டியது. டிராய்கோ போன் செய்தார்.

"நெவேனா, நாளைக்குத் தலைநகரத்துலேர்ந்து பெரிய அதிகாரி வர்றானாம். வார்டை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவனே நேரா வந்து பாக்கப்போறானாம், ஏன் இன்னும் கிளினிக் தொறக்கலன்னு. அப்புறம்... மணி அடிக்குது."

"ஸ்லாவ்கா போயிட்டாண்ணே. அதுக்கப்புறம்தான் அடிக்கலையே."

"அதான் சொல்றேன். இப்ப அடிக்குது."

நெவேனாவுக்கு ராலிட்சாவின் ஞாபகம் வந்தது. மித்கோவின் எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தான். காரின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வலி எடுத்துருச்சு, மத்தியானமே கெளம்பிட்டோம். கணவாய் உச்சிக்கு வந்துட்டோம். கொஞ்சம் பனிதான், இவ நல்லாத்தான்..."

"வண்டியத் திருப்பு மித்கோ. இப்பவே திருப்பு."

இணைப்பு அறுந்துபோனது.

ஆஸ்பத்திரிவரை அவள் ஓடினாள். படியெல்லாம் ஓடியே ஏறினாள். திரும்பியிருப்பான், திரும்பியிருப்பான், என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அறையைத் திறந்தாள். செம்பும் பேசினும் நாற்காலியின்மேல் இருந்தன. அவள் வைக்கவில்லை. செம்பைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கனமான, நின்று நின்று ஏறுகிற காலடி. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

நெவேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்துவிட்டாள். மித்கோ திருப்பிவிட்டான். நடைக்கூடத்துக்கு ஓடி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே கூப்பிட்டாள்.

"அண்ணே, அவளைத் தாங்கிப் பிடி. ஏன் தனியா ஏற விடுற?"

டிராய்கோவின் முகம் கீழே தெரிந்தது. அவர் அவளையே பார்த்தார்.

"யாரை?" என்றார். "யாரும் வரலையே நெவேனா."

ஈரக் காலடி அவளைக் கடந்து அறைக்குள் போனது. கட்டில் விரிப்பு அழுந்தியது. திருநீற்றுப்பச்சை மணம் வந்தது.

"நெவேனாக்கா." ராலிட்சாவின் குரல்தான். "நான் லேட்டா வந்துட்டனா?"

நெவேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் போனாள். சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டினாள். தண்ணீர் குளிர்ந்து விழுந்தது. இந்தத் தடவை அவள் கையை இழுக்கவே பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, அழாத பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்தபிறகு, அவள் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"யாருக்கா இதைத் தூக்கிக்குவா?"

"மேலிடத்துலேர்ந்து நாளைக்கு வர்றான்மா ஒருத்தன்," என்றாள் நெவேனா. "அதுவரைக்கும் நீ வச்சிரு."

கதவைப் பூட்டவில்லை. சாவியை அதிகாரி பார்க்கிற மாதிரி வெளிப்பக்கமே தொங்கவிட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளே யாரோ மெல்லிய குரலில் தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது இரண்டு குரல் என்று, இன்னொன்று ஸ்லாவ்காவுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.